பெரியாற்றுக் குத்தகை (1886): அயலரசின் மண்ணில் வெட்டிய வாய்க்காலும் பேரரசின் நோக்கங்களும்

ஆய்வுச்சுருக்கம்

திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் எல்லைக்குள் ஓடிய பெரியாற்றைத் தடுத்து, மலையைக் குடைந்து, அந்நீரை மதுரைச் சீமைக்குத் திருப்பிய திட்டம் 1887இல் தொடங்கி 1895இல் நிறைவுற்றது. தமிழ்ச்சூழலில் அது பெரும்பாலும் ஒரு பொறியாளரின் ஈகையாகவும், மலையாளச் சூழலில் ஒரு மன்னர்மீது சுமத்தப்பட்ட வல்லந்தமாகவும் நினைவுகூரப்படுகிறது. இவ்விரு நினைவுகளுக்கும் அடிநிலையாக இருப்பது 1886ஆம் ஆண்டுக் குத்தகைப் பத்திரம். அப்பத்திரத்தின் வடிவத்தையும் அதன் நிதிப் பின்புலத்தையும் கொண்டு, திட்டத்தின் பின்னிருந்த பேரரசு நோக்கங்களை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பெரியாறு, திருவிதாங்கூர், குத்தகை, திறை, தாது ஆண்டுப் பஞ்சம், இரயத்துவாரி, பென்னிகுயிக்.

முன்னுரை

திருவில்லிபுத்தூருக்கும் இராசபாளையத்திற்கும் அணித்தே உள்ள வன்னியம்பட்டியில் நின்று மேற்கே நோக்கினால் வானை அடைத்து நிற்பது மேற்குத் தொடர்ச்சி மலை. அம்மலைமுதுகுக்கு அப்பால் வருசநாட்டுப் பள்ளத்தாக்கில் வைகையின் தலைநீர் ஊறுகிறது. சற்றுத் தெற்கே, சிவகிரி மலைமுகடுகளின் மறுபக்கத்தில், பெரியாறு தோன்றுகிறது. மலையின் கீழ்ச்சரிவில் உள்ள ஊர்கள் மழைமறைவுப் பகுதியில் அமைந்தவை. கண்மாயையும் கிணற்றையும் வடகிழக்குப் பருவமழையையும் நம்பியே அவை பயிர் செய்து வந்தன. தென்மேற்குப் பருவமழை முழுவீச்சில் பொழிவது மேற்சரிவில். அந்நீர் அரபிக் கடலைச் சேர்கிறது.

‘வீணாகக் கடலில் கலக்கும் நீர்’ என்று அதனைக் குறிப்பது இன்று இருபுறத்து உழவர் பேச்சிலும் செய்தித்தாள்களிலும் இயல்பாகிவிட்டது. ஆற்றுநீரின் ஒவ்வொரு துளிக்கும் ஒரு வருவாய் மதிப்பு உண்டு, அம்மதிப்பு ஈட்டப்படாதவிடத்து நீர் வீணாகிறது என்னும் கணக்கு, பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பொதுப்பணித் துறையில் உறுதிப்பட்ட ஒன்று. பெரியாற்றுத் திட்டத்தைப் புரிந்துகொள்ள அக்கணக்கிலிருந்தே தொடங்க வேண்டும்.

பெயர் குறித்து ஒன்று சொல்லிவிடுதல் நலம். வத்திராயிருப்புக்கு அருகிலுள்ள பிளவக்கல் திட்டத்தின் இரண்டு அணைகளுள் ஒன்றுக்கும் பெரியாறு அணை என்றே பெயர். அது வைப்பாற்று வடிநிலத்தைச் சேர்ந்த வேறொரு சிற்றாறு. விருதுநகர் மாவட்டத்து வாய்மொழித் தரவுகளைக் கையாளும் ஆய்வாளர் இவ்விரண்டையும் பிரித்தறிய வேண்டும். இக்கட்டுரை பேசுவது இன்று முல்லைப் பெரியாறு என வழங்கும் ஆற்றைப் பற்றியே.

எண்ணம் பழையது, இயலுமை புதியது

பெரியாற்றைக் கிழக்கே திருப்பும் எண்ணம் ஆங்கிலேயருடையது அன்று. இராமநாதபுரம் முத்துராமலிங்க சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை, 1789 அளவில் ஆட்களை அனுப்பி மலைப்பகுதியை ஆராயச் செய்தார் என்றும், பொருள் வசதியின்மையால் முயற்சி கைவிடப்பட்டது என்றும் திட்டத்தின் வரலாறு கூறுவோர் குறிப்பிடுகின்றனர். சில ஆண்டுகளில், 1795இல், கும்பெனியார் அச்சேதுபதியைப் பதவியிலிருந்து நீக்கினர். வைகையின் கடைமடையில் இருந்த ஓர் அரசு தன் கண்மாய்களுக்காகக் கண்ட கனவு, ஆள்வோர் மாறியதும் வேறொரு கணக்கேட்டிற்குள் சென்றது.

1808இல் மதுரைக் கலெக்டரின் வேண்டுகோளின்படி கேப்டன் ஜேம்ஸ் கால்டுவெல் மலைக்குச் சென்று பார்த்துவிட்டு, இது நடவாத செயல் என்று எழுதினார். (இவர் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல் அல்லர், அவர் பிறந்ததே 1814இல்தான்.) 1850இல் சின்ன முல்லையாற்றைத் திருப்பச் சிறு அணையொன்று தொடங்கப்பெற்றுக் காய்ச்சலாலும் கூலிச் சிக்கலாலும் நின்றது. 1860களில் ரைவ்ஸ் என்னும் பொறியாளர் மண்ணணை ஒன்றுக்கு வரைவு அளித்தார். பின்னர் ஜான் பென்னிகுயிக்கும் ஆர். ஸ்மித்தும் அதனைத் திருத்தினர். 1882இல் மீண்டும் பென்னிகுயிக்கிடம் வந்த பணி, சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த கற்காரை அணையாக வடிவம் பெற்று 1884இல் ஒப்புதல் பெற்றது.

1808இல் நடவாதது 1884இல் நடக்கக்கூடியதாக மாறியமைக்குப் பொறியியல் வளர்ச்சி மட்டும் விடையாகாது. இடைப்பட்ட காலத்தில் மூன்று மாற்றங்கள் நேர்ந்தன. பாசனப் பணிகளுக்கு இலண்டன் பணச்சந்தையில் கடன் திரட்டும் முறை நிலைபெற்றது. ஒரு பெரும்பஞ்சம் ஆட்சியின் நற்பெயரைக் குலைத்தது. சுதேச சமஸ்தானங்களை இணைத்துக்கொள்ளாமலே அவற்றின் வளங்களைப் பயன்கொள்ளும் சட்டவழிகள் உருவாயின.

பஞ்சமும் கடனும்

1876 முதல் 1878 வரை நீடித்த பஞ்சத்தைத் தமிழகம் தாது வருடப் பஞ்சம் என நினைவில் வைத்திருக்கிறது. சென்னை மாகாணத்தில் மாண்டோர் இலட்சக்கணக்கினர். அதனையடுத்து ரிச்சர்டு ஸ்டிரேச்சி தலைமையில் அமைந்த பஞ்ச ஆணையம் 1880இல் அறிக்கை தந்தது. பாசன விரிவாக்கம் பஞ்சத்தடுப்பின் முதன்மையான வழிகளுள் ஒன்றாக ஏற்கப்பட்டது. பெரியாற்றுத் திட்டம் ஒப்புதல் பெற்ற வேகத்தை இப்பின்னணியின்றி விளக்க இயலாது.

ஆயினும் பஞ்சத்தின் மீதான இரக்கமே திட்டத்தைப் பிறப்பித்தது என்றால், அரசின் கணக்கு முறையே அதற்கு மாறாக நிற்கும். இந்திய அரசு பாசனப் பணிகளை இருவகையாகப் பிரித்தது. பஞ்சத்திலிருந்து காக்கும் பணிகள் ஒருவகை. அவற்றிற்குப் பஞ்சக் காப்பு நிதியிலிருந்து பணம் ஒதுக்கலாம், வருவாய் குறைவாயினும் பொறுத்துக்கொள்ளலாம். ஆக்கப் பணிகள் மற்றொரு வகை. இவற்றிற்குக் கடன்பணம் கிடைக்கும். ஆனால், கட்டி முடித்த குறிப்பிட்ட ஆண்டுகளுக்குள் அக்கடனின் வட்டியை ஈடுசெய்யும் நிகர வருவாயை அவை தந்தாக வேண்டும். பெரியாறு ஆக்கப் பணியாகவே எடுத்துக்கொள்ளப்பட்டது. பஞ்சம் வாதத்திற்கு வலுவூட்டியது. ஒப்புதலுக்கு வழிதிறந்தது தீர்வைக் கணக்கு.

தீர்வைக் கணக்கு எவ்வாறு இயங்கியது? இரயத்துவாரி முறையில் அரசே உழவனிடம் நேரே தீர்வை பெற்றது. புஞ்சை நஞ்சையானால் தீர்வை கூடும். ஒருபோகம் இருபோகமானால் மேலும் கூடும். ஜமீன் நிலத்திலோ 1802ஆம் ஆண்டின் நிரந்தர ஏற்பாட்டின்படி பேஷ்குஷ் நிலையான தொகை. எவ்வளவு நீர் பாய்ந்தாலும் அது உயராது. 1865ஆம் ஆண்டுச் சட்டம் தண்ணீர்த் தீர்வை விதிக்க வழிசெய்திருந்தது என்றாலும், அரசுக்கு நேர்வருவாய் தரும் நிலம் இரயத்துவாரி நிலமே. முத்திருளப்ப பிள்ளை எண்ணிய நீர் இராமநாதபுரத்துக்கு உரியது. பென்னிகுயிக் காலத்து நீர் மதுரை, மேலூர்ப் பகுதிகளில் நின்றது. நில அமைப்பு இதற்கொரு காரணம். நிலவரி அமைப்பையும் விட்டுவிடுவதற்கில்லை.

குத்தகைப் பத்திரம்

1886 அக்டோபர் 29இல் கையெழுத்தான பத்திரமே இவ்வாய்வின் மையத் தரவு. குத்தகைக்கு விட்டவர் திருவிதாங்கூர் மகாராஜா. குத்தகை எடுத்தவர் இந்தியாவுக்கான அரசுச் செயலர். மகாராஜாவின் சார்பில் திவான் வெ. இராமையங்காரும், மறுதரப்பில் திருவிதாங்கூர் – கொச்சி ரெசிடென்ட் ஜான் சைல்டு ஹானிங்டனும் ஒப்பமிட்டனர். இராமையங்கார் திவானாவதற்கு முன் நெடுங்காலம் சென்னை அரசுப் பணியில் இருந்தவர். அதனால் அவர் சமஸ்தானத்துக்கு இரண்டகம் செய்தார் என்று முடிவுகட்டுவது எளிது. ஆனால் அது வரலாறு ஆகாது. 1860களில் தொடங்கிய கடிதப் போக்குவரத்து இருபதாண்டுக்கு மேல் நீண்டது என்பதே திருவிதாங்கூர் எளிதில் இணங்கவில்லை என்பதற்குச் சான்று. கவனிக்கத்தக்கது வேறு: பேச்சின் இருபுறத்திலும் அமர்ந்தவர்கள் ஒரே நிர்வாக மரபில் பயின்றவர்கள்.

பத்திரத்தின் பொருட்கூறுகள் நேரானவை. அணை அமையும் இடத்தில் ஆற்றுப்படுகையின் ஆழ்ந்த புள்ளியிலிருந்து 155 அடி உயரக் கோட்டிற்குட்பட்ட நிலம் முழுவதும், ஏறத்தாழ 8,000 ஏக்கர், நீர்த்தேக்கத்திற்காக அளிக்கப்பட்டது. கட்டுமானத்திற்கென மேலும் 100 ஏக்கர் வரை எடுத்துக்கொள்ளலாம். அங்கு வந்துசேரும் நீர் முழுவதையும் பயன்படுத்தும் உரிமை, குத்தகை நிலத்து மரங்களை விலையின்றி வெட்டிக்கொள்ளும் உரிமை, மீன்பிடி உரிமை ஆகியவை உடன் சென்றன. காலம் 1886 சனவரி 1 முதல் 999 ஆண்டுகள். அது முடிந்தபின் குத்தகையாளர் விரும்பினால் மேலும் 999 ஆண்டுகள். வாடகை ஏக்கருக்கு 5 ரூபாய், ஆக ஆண்டுக்கு 40,000 ரூபாய். நிலத்தின் மீதான இறைமை மகாராஜாவிடமே இருக்கும். பிணக்கு நேர்ந்தால் இருதரப்பு நடுவர்களும் அவர்கள் தேர்ந்த தலைமை நடுவரும் தீர்ப்பர்.

இவற்றினும் நுட்பமானது வாடகை செலுத்தும் முறை. 40,000 ரூபாயும் பணமாகத் திருவனந்தபுரத்துக்குச் செல்லவில்லை. திருவிதாங்கூர் ஆண்டுதோறும் ஆங்கில அரசுக்குச் செலுத்திவந்த திறையில் அது கழித்துக்கொள்ளப்பட்டது. நீர் பிரிட்டிஷ் எல்லைக்குள் பாயத் தொடங்கிய பின்னரே அக்கழிவும் கணக்கில் ஏறும். திறையோ ஏறத்தாழ 8 இலட்சம் ரூபாய். வாடகை அதில் இருபதில் ஒரு பங்கு. ஒரு பேராற்றின் மேல்நீரை ஆயிரமாண்டுக்குக் கொடுத்த அரசுக்குக் கிடைத்தது, தான் கட்டவேண்டிய கப்பத்தில் நூற்றுக்கு ஐந்து விழுக்காட்டுத் தள்ளுபடி.

திறை எங்கிருந்து வந்தது என்பதையும் நினைவுகூர வேண்டும். 1795, 1805 ஆகிய ஆண்டுகளின் உடன்படிக்கைகள் கும்பெனிப் படைக்குத் திருவிதாங்கூர் பணம் கட்டும் கடப்பாட்டை உண்டாக்கின. 1805ஆம் ஆண்டு உடன்படிக்கை அத்தொகையை உயர்த்தியதோடு, ஆங்கில அரசின் அறிவுரைக்கு மன்னர் எப்போதும் செவிசாய்க்க வேண்டும் என்றும் விதித்தது. வேலுத்தம்பி தளவாயின் எழுச்சி (1808–09) அடக்கப்பட்டபின் ரெசிடென்ட் மன்றோ என்பவரே சில ஆண்டுகள் திவானாகவும் இருந்தார். எனவே 1886இல் நிலம் விட்டவர் குத்தகையாளருக்குத் திறை கட்டுபவர். அவருடைய அறிவுரையைக் கேட்கக் கடமைப்பட்டவர். உலகியலில் நிலக்கிழாரிடம் குடியானவன் குத்தகை எடுப்பான். இங்கு மேலரசு குடியானவன் வேடம் பூண்டது.

அவ்வேடம் தேவைப்பட்டது ஏன்? நிலத்தை நேரே இணைத்துக்கொண்டிருக்கலாமே என்னும் வினாவுக்கு 1858ஆம் ஆண்டு விக்டோரியா அரசியின் பறையறிவிப்பில் விடை உள்ளது. சுதேச மன்னர்களின் நிலப்பரப்பை இனி விரிவுபடுத்தி எடுத்துக்கொள்வதில்லை என்று பேரரசு அதில் உறுதியளித்தது. 1857இன் பின்விளைவு அது. 1881இல் மைசூர் அரசு உடையார் குடும்பத்திடமே திருப்பியளிக்கப்பட்ட சூழலில், திருவிதாங்கூரின் ஒரு துண்டைப் பறிப்பது பேரரசின் சொந்தக் கொள்கைக்கே முரணாகும். குத்தகை அச்சிக்கலைத் தீர்த்தது. எல்லைக்கோடு அசையவில்லை, இறைமை பெயரளவில் அப்படியே இருந்தது, நீர் மட்டும் நகர்ந்தது. 999 ஆண்டு என்பதும் ஆங்கிலேய நிலச்சட்டத்தில் வழக்கமான கால அளவே. விற்பனை என்ற பெயரின்றி விற்பனையின் பயனைத் தருவது அது.

இது எல்லாச் சமஸ்தானங்களிலும் ஒரேவகையாக நடந்தது என்று கொள்வதற்கில்லை. பஞ்சாபில் 1882இல் திறந்த சர்ஹிந்து வாய்க்காலில் பாட்டியாலா, நாபா, ஜிந்து ஆகிய சமஸ்தானங்கள் செலவைப் பகிர்ந்து நீரிலும் பங்கு பெற்றன. திருவிதாங்கூருக்கு நீரிலும் பங்கில்லை, தீர்வையிலும் பங்கில்லை. ஒரு கணக்கு இதனைத் தெளிவாக்கும். திட்டத்தின் பாசனப்பரப்பு ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் ஏக்கர். ஏக்கருக்கு ஒரே ஒரு ரூபாய் கூடுதல் வருவாய் என்று வைத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு ஒன்றரை இலட்சம் ரூபாய். வாடகை அதில் மூன்றிலொரு பங்கிற்கும் குறைவு. நஞ்சைத் தீர்வை ஒரு ரூபாயளவில் நின்றதில்லை என்பது வருவாய் வரலாறு பயின்றோர் அறிந்ததே.

சூயஸும் பனாமாவும்

அயல்மண்ணில் வல்லரசு வெட்டிய வாய்க்கால் என்றவுடன் நினைவுக்கு வருவன சூயஸும் பனாமாவும். அவை கப்பற் கால்வாய்கள். பெரியாறு பாசன வாய்க்கால். அவ்வேறுபாட்டை மறவாமலேயே சட்டவடிவத்தை ஒப்பிடலாம்.

சூயஸ் கால்வாய் 1869 நவம்பர் 17இல் திறக்கப்பட்டது. அதன் உரிமம் 99 ஆண்டுகளுக்கானது. வெட்டியது பிரெஞ்சுக்காரர் தலைமையிலான குழுமம். தொடக்கத்தில் அதனை எதிர்த்த பிரிட்டன், 1875இல் எகிப்திய ஆட்சியாளரின் 1,76,602 பங்குகளை ஏறத்தாழ 40 இலட்சம் பவுனுக்கு வாங்கியது. 1882இல் நாட்டையே படைகொண்டு பிடித்தது. அப்படையில் இந்தியச் சிப்பாய்களும் இருந்தனர். பனாமாவில் வரிசை வேறு. கால்வாய் உடன்படிக்கையைக் கொலம்பிய மேலவை 1903 ஆகஸ்டில் மறுத்தது. நவம்பர் 3இல் பனாமா பிரிந்தது. நவம்பர் 18இல் புதிய உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அதன்படி 10 மைல் அகல நிலப்பட்டை அமெரிக்காவுக்கு என்றென்றைக்குமாகக் கிடைத்தது. ஈடாகத் தந்தது ஒரு கோடி டாலரும் ஆண்டுக்கு இரண்டரை இலட்சம் டாலரும்.

மூன்றிலும் நிலத்துக்குரியவருக்கு ஒரு தொகை உண்டு. இறைமை பற்றிய ஒரு சொல்லும் உண்டு. மூன்றிலும் கால அளவு ஒப்பமிட்டவர் வாழ்நாளை விஞ்சியது. ஆனால் எகிப்திலும் பனாமாவிலும் நெருக்குதல் போர்க்கப்பலாக வெளிப்பட வேண்டியிருந்தது. திருவிதாங்கூரில் அது தேவைப்படவில்லை. எண்பதாண்டுகளுக்கு முன்பே வேலுத்தம்பியின் தோல்வியில் அந்த வேலை முடிந்துவிட்டது.

நீர் சென்ற வழி

தேக்கடிக்கு அருகில் மலைமுதுகைக் குடைந்து 5,700 அடி அளவிலான சுரங்க வாய்க்கால் வெட்டப்பட்டது. நீர் வைரவனாற்றில் விழுந்து, சுருளியாற்றோடு கூடி, வைகையில் சேர்ந்து, நிலக்கோட்டைக்கு அருகிலுள்ள பேரணையில் பிரிக்கப்பட்டது. 1895 அக்டோபர் 10இல் ஆளுநர் வென்லாக் பிரபு இதனைத் திறந்துவைத்தார். முதற்கட்டச் செலவு 80 இலட்சம் ரூபாயைத் தாண்டியது. மலேரியாவும் காலராவும் கொன்ற தொழிலாளர் நூற்றுக்கணக்கினர். அதிகாரிகளின் கல்லறைகளுக்குப் பெயர் உண்டு. கூலியாட்களுக்கு எண்ணிக்கை மட்டுமே உண்டு.

வன்னியம்பட்டி போன்ற ஊர்களுக்கு இந்நீர் ஏன் வரவில்லை? இவ்வினாவுக்கு விடைகூறும்போது எல்லாவற்றையும் பேரரசின் சூழ்ச்சியாகக் காட்டும் ஆசையைத் தவிர்க்க வேண்டும். தேக்கடியில் மலைமுதுகு தாழ்ந்தும் குறுகியும் உள்ளது. அதன் கீழே கம்பம் பள்ளத்தாக்கும், ஆயத்தமாக ஓர் ஆறும் இருந்தன. ஆற்றை வாய்க்காலாகப் பயன்படுத்தியதால் நூற்றுக்கும் குறைவான மைல் தூரத்திற்கு வெட்டுச்செலவே இல்லாமல் நீர் பேரணையை அடைந்தது. திருவில்லிபுத்தூர்ப் பக்கத்து மலை உயர்ந்தது, அகன்றது. புவியியலே பெரும்பகுதி விடையைத் தந்துவிடுகிறது. ஆனால் புவியியல் விடைதருமிடத்திலும் ஒன்று எஞ்சுகிறது. எந்த நிலத்திற்கு நீர் வேண்டும் என்பதில் தொடங்கி வழி தேடப்படவில்லை. எந்த வழியில் குறைந்த முதலுக்கு நிறைந்த தீர்வை கிடைக்கும் என்பதில் தொடங்கப்பட்டது. மழைமறைவின் கடுமை மலையடிவாரம் முழுவதும் ஏறக்குறைய ஒன்றே. கணக்கேட்டில் இடம்பெற்றது ஒரு பகுதி மட்டுமே. கரிசலும் செவலுமான இத்தென்பகுதி பருத்தி விளையும் சீமையாகப் பேரரசின் வேறொரு ஏட்டில் இருந்தது.

குடிமக்களை நிலத்தில் நிறுத்துவதும் நோக்கங்களுள் ஒன்று. மேலூர்ப் பகுதிக் கள்ளர் பெரியாற்று நீர் வந்தபின் நிலைத்த உழவராயினர் என்றும், நீர் எட்டாத திருமங்கலம், உசிலம்பட்டிப் புஞ்சைகளில் வாழ்ந்த பிரமலைக் கள்ளர் அவ்வாறாகவில்லை என்றும் காலனிய அலுவலர் ஒப்பிட்டெழுதினர். பாசனம் காவல்துறையின் வேலையைச் செய்கிறது என்பது அவ்வொப்பீட்டின் உட்கிடை. நீர் பெறாதவர்மீது 1911ஆம் ஆண்டுக் குற்றப்பரம்பரைச் சட்டம் பாய்ந்தபோது, வாய்க்கால் எங்கே நின்றது என்பதை அலுவலர் மறந்து, மக்களின் இயல்பையே காரணமாக்கினர். வாய்க்காலை ஆய்வோரும் குற்றப்பரம்பரைச் சட்டத்தை ஆய்வோரும் தனித்தனியே எழுதிவருவதால் இத்தொடர்பு போதிய அழுத்தம் பெறவில்லை.

இரு நினைவுகள்

தேனி மாவட்டத்தில் பென்னிகுயிக் பிறந்த சனவரி 15ஆம் நாள் பொங்கலோடு சேர்த்துக் கொண்டாடப்படுகிறது. லோயர்கேம்பில் அவருக்கு மணிமண்டபம் உண்டு. அணை பாதியில் இடிந்தபோது அவர் இங்கிலாந்திலிருந்த தம் சொத்தை விற்றுக் கட்டினார் என்பது வலுவான வாய்மொழி வழக்கு. ஆனால் திட்டம் அரசு முதலீட்டில், அரசுக் கணக்கில் நிறைவேறிய பணி. வழக்கின் மதிப்பு அதன் செய்தியில் இல்லை. தீர்வைக்காக வந்த நீரை அன்பினால் வந்த நீராக ஏற்றுக்கொள்ள மக்களுக்கு ஒரு மனிதர் தேவைப்பட்டார். அவருடைய உழைப்பும் உறுதியும் ஐயத்துக்கிடமற்றவை என்பதால் அவர் அதற்குப் பொருத்தமாகவும் அமைந்தார்.

மறுபுறத்தில், மன்னர் விசாகம் திருநாள் தம் நெஞ்சின் குருதியால் கையெழுத்திடுவதாகக் கூறினார் என்னும் செய்தி. அம்மன்னர் 1885 ஆகஸ்டில் மறைந்தார், பத்திரம் 1886 அக்டோபரில், மூலம் திருநாள் காலத்தில் கையெழுத்தாயிற்று, ஒப்பமிட்டவரும் திவானே. முந்தைய ஆண்டுகளின் பேச்சுவார்த்தையின்போது அவர் இணக்கத்தைக் குறித்து அவ்வாறு கூறியிருக்கக்கூடும் என வாதிடலாம். பத்திரத்தின் மீதான கூற்றாக அதனை எடுத்தாளுதல் காலவழு.

இரு கதைகளும் ஒன்றையொன்று மறுப்பதுபோல் தோன்றினும் ஒரே வேலையைச் செய்கின்றன. ஒன்று பேரரசின் நோக்கத்தைப் பொறியாளரின் ஈகைக்குள் மறைக்கிறது. மற்றொன்று, சமஸ்தானத்தின் நெடிய அடிமைநிலையை ஒரே நாளின் துயரமாகச் சுருக்குகிறது. திறைக்கழிவு என்னும் வறண்ட விதி இரண்டிலும் இடம்பெறவில்லை.

நோக்கமும் உரிமையும்

பேரரசு நோக்கத்தில் பிறந்த பத்திரம் என்று நிறுவினால், அதன்வழி நீர் பெறும் உழவரின் உரிமை தளர்ந்துவிடுமா? இவ்வினாவைத் தமிழக ஆய்வாளர் சிலர் தவிர்க்க விரும்புவர், தவிர்ப்பதற்கில்லை. நீதிமன்றங்களில் நடந்த வாதமே இதுதான்.

பத்திரம் ஒப்பமிட்டவரின் விருப்பப்படியே எப்போதும் இயங்கியதில்லை. நீரிலிருந்து மின்சாரம் எடுக்கச் சென்னை அரசு முயன்றபோது திருவிதாங்கூர் எதிர்த்தது. பத்திரத்தின் நடுவர் விதிப்படி வழக்கு சென்றது. தலைமை நடுவர் நளினி ரஞ்சன் சட்டர்ஜி, பாசனம் தவிர்ந்த பிற தேவைக்கு நீரைப் பயன்படுத்தும் உரிமை சென்னைக்கு இல்லை என்று 1941இல் தீர்ப்பளித்தார். மேலரசு தான் எழுதிய சொற்களுக்குள்ளேயே கட்டுண்ட அரிய நிகழ்வு இது. அப்போது பேரரசே தளர்ந்துகொண்டிருந்தது என்பதும் உண்மை.

விடுதலைக்குப்பின் 1970 மே 29இல் தமிழ்நாடும் கேரளமும் துணை உடன்படிக்கைகள் செய்துகொண்டன. வாடகை ஏக்கருக்கு 5 ரூபாயிலிருந்து 30 ரூபாயானது. மீன்பிடி உரிமையைத் தமிழ்நாடு விட்டுக்கொடுத்தது. மின்னாக்கத்திற்குத் தனியே கட்டணம் ஏற்றது. 1979இல் அணையின் பாதுகாப்புக் குறித்த அச்சம் எழுந்து நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. பின்னர் வழக்குகள் தொடர்ந்தன. 2014 மே 7ஆம் நாள் உச்சநீதிமன்றம் 142 அடி வரை தேக்க இசைந்து, அதற்குத் தடையான கேரளச் சட்டத்தைச் செல்லாதென்றது. மேலரசு – சமஸ்தான உறவில் பிறந்த பத்திரம் என்பதால் 1947இல் அது காலாவதியாயிற்று என்னும் வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. பத்திரம் அரசியல் தன்மையற்ற உடன்படிக்கை என்பது அதன் நிலைப்பாடு.

வரலாற்றாய்வு இம்முடிவோடு முழுதும் ஒத்துப்போவது கடினம். திறையில் வாடகை கழிந்த பத்திரத்தை அரசியலற்றது என்று வரலாற்றாசிரியர் கூறமாட்டார். ஆயினும் சட்டமும் வரலாறும் கேட்கும் கேள்விகள் வேறு. நீதிமன்றம் கேட்டது பத்திரம் இன்று செல்லுமா என்று. அதற்கு 1886இன் நோக்கத்தைவிட 1970இன் ஒப்பம் வலிய சான்று. முதன்முறையாக, ஒருவருக்கொருவர் திறை கட்டாத இரு அரசுகள், தேர்தலில் வென்று வந்த அமைச்சரவைகளின் சார்பில், அதே நீரைப் பற்றி மீண்டும் பேசி, சிலவற்றை மாற்றி, சிலவற்றை ஏற்றன. நூறாண்டுக்கு மேலாக அந்நீரை நம்பி உருவான வாழ்க்கை, நீரைத் தந்தவரின் உள்நோக்கத்திற்குப் பொறுப்பாகாது. அணைக்குக் கீழே வாழும் இடுக்கி மாவட்டத்து மக்களின் அச்சமும் அவ்வாறே பேரரசின் பத்திரத்தைக் காட்டித் தள்ளிவிடத்தக்கது அன்று.

மலையடிவாரத்தின் தென்பகுதியில் பழைய கேள்வி இன்னும் முடியவில்லை. திருவில்லிபுத்தூருக்கு மேற்கே செண்பகத்தோப்புப் பகுதியில் அழகர் அணை கட்டி, மேற்கே செல்லும் நீரைக் கிழக்கே திருப்ப வேண்டும் என்னும் கோரிக்கையை இவ்வட்டார உழவர் நெடுங்காலமாக எழுப்பி வருகின்றனர். அம்மலைப்பகுதி இன்று திருவில்லிபுத்தூர் – மேகமலைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. அந்நீரைக் கேட்பதானால் கேரளத்தின் இசைவும், வனச்சட்டத்தின் இசைவும், செலவை நியாயப்படுத்தும் கணக்கும் வேண்டும். 1886இல் சென்னைக்குக் கைகொடுத்த திறைக்கணக்கு இன்று யாரிடமும் இல்லை.